பெரிய டர்போ

"டர்போவுல காத்த ஏத்துங்க மச்சான்னா…"

"மாட்டேன்டா. தாங்காது."

"புது டர்போ, பெரிய டர்போ, தாங்காம…"

"டர்போ தாங்கும். எஞ்சின் தாங்கோணுமல்ல."

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் கார், பானட்டைத் திறந்துகொண்டு நின்றது.

பந்தயத்தில் எதிராளியான கரூர்க்காரன் காலையில் இதே ஓடுதளத்தில் கால் மைலைப் பதினொரு விநாடிக்குள் ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தான். மைத்துனனால் அதை விழுங்க முடியவில்லை.

"எங்கக்கா புருசனாச்சேன்னு பாக்கறேன். இல்லீன்னா வேற மெக்கானிக்குகிட்டப் போயிருப்பேன்."

"உங்கக்காவுக்குப் பதில் சொல்லோணுமேன்னுதான்டா நானும் பாக்கறேன்."

எஞ்சினோடு இணைத்திருந்த லேப்டாப்பை மைத்துனன் அவர் மடியில் வைத்தான்.

அவர் தட்டினார். டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றைக் கூட்டவில்லை. இருந்ததிலும் குறைத்தார்.

"ஏத்தியாச்சு. போ."

சொல்பேச்சுக் கேட்காதவர்களுக்கு மெக்கானிக்குகள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துதான் அது. ஏத்தியாச்சு என்றாலே பாதிப் பேருக்கு வண்டி பறப்பதாகத் தோன்றிவிடும்.

இவனுக்குத் தோன்றவில்லை.

ஓட்டிவிட்டுத் திரும்பினான். முன்பைவிட மோசம்.

"ஏத்தியும் இழுக்கலீன்னா வெயிட்டுதான் மச்சான்."

பக்கத்து சீட்டைக் கழற்றிப் போட்டான். கால்மிதிகளை வீசினான். பிறகு குனிந்து, தரையோடு முடுக்கியிருந்த தீயணைப்பு சிலிண்டருக்கு ஸ்பேனரைக் கொடுத்தான்.

அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் லேப்டாப் மறுபடி மடிக்கு வரும். இந்த முறை அவன் பக்கத்திலேயே நின்று பார்ப்பான்.

"அது கெடக்கட்டும்டா."

"இது என்ன, உங்க பேரனா? மடியில வெச்சுக்குங்க."

சிலிண்டரை அவர் காலடியில் வைத்து, ஜோடி வாக்கிடாக்கியில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

கார் நேராகத்தான் போனது. முடிவுக் கோட்டையும் தாண்டியது.

தாண்டிய பிறகுதான் முன்பக்கம் புகைந்தது. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் விட்டிருக்க வேண்டும். சிவக்கச் சுட்ட இரும்பின் மேல் ஆயில்.

புகைக்குள் ஒரு மஞ்சள் நாக்கு.

போட்டி நாளென்றால் தீயணைப்பு வண்டி நிற்கும். இது பயிற்சி.

அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடுதளம் ஓட ஓட நீண்டது. காரின் கதவு திறக்கவில்லை.

மறுகையில் வாக்கிடாக்கி இரைந்துகொண்டே இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாப்ள, நான் ஏத்தவே இல்லடா. கேக்குதா?"