சுட்ட தர்பூசணி

கொல்லைப்புறத்தில் கரியடுப்பு கனன்றது. கம்பி வலையின் மேல் தர்பூசணித் துண்டுகளை அவர் அடுக்குவதைப் பார்த்து, மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“கோழியைச் சுடுவாங்க, மீனைச் சுடுவாங்க. போன வாரம் முட்டைக்கோஸ், இன்னைக்கு தர்பூசணியா? அடுத்தது ஐஸ்கிரீமா மாமா?”

“சுட்டாலும் சுடுவேன்டா. இனிப்பு தூக்கலா இருக்கட்டும்” என்றவர், கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளித் துண்டுகளின் மேல் தூவி, ஒன்றை மனைவியிடம் நீட்டினார்.

அவள் மென்று விழுங்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேனா இனிக்குதுங்க!”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தொண்டைப் புற்றுக்கு வைத்தியம் ஆரம்பித்ததிலிருந்து அவள் நாக்கில் எந்த ருசியும் ஏறவில்லை. நெருப்பில் வாட்டினால் ஏதாவது ஒன்றாவது ருசிக்காதா என்றுதான் கண்டதையும் சுட்டுக்கொண்டிருந்தார்.

“டேய், உங்க அக்காவுக்கு ருசி தெரியுதுடா!”

மச்சினன் ஆசையாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். போட்ட வேகத்தில் துப்பினான்.

“ஐயோ மாமா! சர்க்கரைன்னு நினைச்சு உப்பைக் கொட்டியிருக்கீங்க!”

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே தட்டை நீட்டினாள்.

“இன்னொரு துண்டு வைங்க.”