கைதூக்கிய கிசிங்கர்

பாசி வளரட்டும் என்று ஊரார் கடலில் இரும்புத்தூள் தூவத் தொடங்கியதும், பாசியைத் தின்ன வந்து மணப்பாட்டில் மீன் பெருகியது. அமலோற்பவத்தின் கணவர் கிசிங்கர் சவுதி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துசேர்ந்தார்.

குளச்சலில் வாழ்க்கைப்பட்ட தங்கை செலின் போனில் அழுதாள். "அக்கா, மீனெல்லாம் உங்க பக்கம் வந்துட்டு. எங்க கடல் காலி. இவரு சவுதிக்குப் போகப்போறாராம்."

ஊர்க்கூட்டத்தில் அமலோற்பவம் எழுந்தாள். "எம் புருஷன வீடு சேத்தது இந்தத் தூள்தான். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக என் தங்கச்சி புருஷன் ஊரைவிட்டுப் போவணுமா? ஒரு மாசம் தூவுங்க, ஒரு மாசம் விடுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. முதலில் கை தூக்கியவர் கிசிங்கர்தான். பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

மூன்றாம் மாதம் செலின் கூப்பிட்டாள். "அக்கா, வல நெறைய சாளை மீனு! இவரு போகலியாம்!"

அன்று கிசிங்கரின் வலையில் முன்பு கிடைத்ததில் பாதி மீன்தான். அமலோற்பவம் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.