மலை ஜெட்

"இந்த ஜெனரேட்டர் மலையைப் பார்த்ததே இல்லைங்க. ஓடுமா?" என்று கேட்டாள் அர்லீன்.

மலை ஏரிக்கரையில் அந்தச் சுற்றுலா முகாமைக் கவனித்துக்கொள்ளும் ஓடெல், அவளுடைய வாடகை டிரெய்லருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். அதே மாதிரி சிவப்பு ஜெனரேட்டர் அங்கே டிரெய்லருக்கு ஒன்று கிடந்தது.

"பத்தாயிரம் அடியில நமக்கே மூச்சு வாங்குது, இது மட்டும் ஓடிருமா? கரும்புகையைக் கக்கிட்டு நின்னுரும். இங்க காத்து கம்மி, அதனால பெட்ரோலும் கம்மியாப் போகணும். கார்புரேட்டர்ல பெட்ரோல் போற துளை இருக்கற திருகு, அதான் ஜெட், அதுல சின்னதா மாட்டணும்மா. இருக்கா?"

"பையில ஏதோ ஒண்ணு கிடக்கு."

"அப்ப பத்து நிமிஷ வேலை. ஹீட்டர் இல்லாம இந்தக் குளிர்ல ராத்திரி வெறைச்சிருவீங்க."

குளிர் அர்லீனுக்கு உறைக்கவில்லை. மார்ச் மாதம் அவள் கணவர் வெண்டல் சமையலறையில் சாய்ந்ததிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை. இறுதிச் சடங்கில்கூட அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் நினைத்திருக்கும். நினைத்துக்கொள்ளட்டும்.

டிரெய்லருக்குள் மேசை மேல் ஒரு காபி டப்பா, அதில் வெண்டலின் சாம்பல். இந்த ஏரி என்றால் அவருக்கு உயிர். ஆறு வருடத்துக்கு முன்பு மாரடைப்பு வந்தபோது, இனி மலையேறவே கூடாது என்றார் டாக்டர். மனுஷன் கேட்கிற ரகமில்லை. கடைசியில் அர்லீன் கத்தியே விட்டாள்.

"இனி அந்த மலைக்குப் போனா, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ!"

அதோடு வெண்டல் மலைப் பேச்சை எடுக்கவில்லை. செப்டம்பர் பிறந்தால், அதற்குப் பிறகு வாங்கிய இந்த ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு, பட்டாளத்து நண்பர்களோடு அரிசோனா பாலைவனத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவார்.

ஆசைப்பட்ட மனுஷனை ஒரு வார்த்தையால் கட்டிப்போட்டுவிட்டோமே என்பது மட்டும், மரத்துப்போன அவள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுபது வயதில் கான்சாஸிலிருந்து தனியாக வண்டி ஓட்டி வந்திருக்கிறாள். நாளைக் காலை சாம்பலை ஏரியில் கரைத்து, அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"எவ்ளோ மோசமா இருமுதுன்னு முதல்ல பாப்போம்" என்று ஓடெல் கயிற்றை இழுத்தார்.

ஒரே இழுப்பு. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. புகையும் இல்லை, இருமலும் இல்லை.

ஓடெல் தலையைச் சொறிந்தார். அதை அணைத்துவிட்டு, பையிலிருந்த ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பெருசு. கீழ சமவெளியில ஓட்டறதுக்கு."

"அப்ப மலைக்கானது?"

"உள்ளதான் இருக்கணும்." கார்புரேட்டரைக் கழற்றியதும் பித்தளை ஜெட் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

ஓடெலின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது என் பொண்டாட்டியோட நெயில் பாலிஷ்! எந்த ஜெட் எதுக்குன்னு குழம்புறாரேன்னு நான்தான் வெச்சுவிட்டேன். இது வெண்டல் மெஷினாச்சே! கீழ இறங்குறப்ப ஜெட்டை மாத்துய்யான்னு வருஷா வருஷம் தலையில அடிச்சுக்குவேன், மறந்துருவாரு. செப்டம்பர்னா தவறாம வந்துருவாரே, ஆளு எங்க?"

அர்லீன் டிரெய்லருக்குள் இருந்த காபி டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்... வெண்டலோட சம்சாரம்."

ஓடெல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் சம்சாரம் செத்து ஆறு வருஷமாச்சேம்மா!"