வலது ஓரத்தில் டெபோரா

சுதந்திர தின அணிவகுப்பு தொடங்கும் முன்பே, ராயபுரம் கல்லூரி மைதானத்தில் மேடையை ஒட்டி இடம் பிடித்துவிட்டான் நெல்சன்.

"இன்னா மாமு, ஹார்பர்ல ஷிஃப்ட மாத்திக்கினு அவளப் பாக்க வந்துட்டியா?" என்று சீண்டினான் நண்பன் டெரிக். "அவதான் உன்னாண்ட பேசறதே இல்லியே!"

"பேச வேணாம்டா. ஒரு தபா பாத்தா போதும். மேடையத் தாண்டசொல்லோ எல்லாரும் இந்தப் பக்கம் தலையத் திருப்பணும். அவளும் திருப்பித்தானே ஆவணும்?"

என்.சி.சி. மாணவிகள் வந்தார்கள். முதல் வரிசையின் வலது ஓரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் டெபோரா. ஆணை ஒலித்ததும் வரிசை மொத்தமும் வலப்புறம் தலையைத் திருப்பியது. டெபோரா மட்டும் நேராகப் பார்த்தபடியே கடந்து போனாள்.

நெல்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உத்தரவு போட்டாகூட என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாடா."

அருகில் நின்ற என்.சி.சி. ஆசிரியை சிரித்துவிட்டார்.

"அவ பார்க்கக் கூடாது சார். வலது ஓரத்துல போறவ திரும்பினா வரிசையே கோணிடும். இருக்கிறதுலயே உயரமான பொண்ணைத்தான் அங்கே நிறுத்துவோம். ஆமா, நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

நெல்சன் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க நைனா, மேடம்!" அணிவகுப்பு கலைந்ததும் ஓடி வந்திருந்த டெபோராவுக்கு மூச்சு வாங்கியது. அம்மாவை விட்டு அவன் பிரிந்து போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். "இந்த உயரமே அவரு குடுத்ததுதான்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ வந்து நின்னத அப்பவே பாத்துட்டேன். திரும்பாம நடக்கறதுக்குள்ள உசுரே போய்டுச்சு நைனா."