ரொட்டி மேல் சிலுவை

கார்பெர்த் ஊர்த் தெருவில் சுல்தானின் சிப்பாய்கள் ஆர்மீனியக் குடும்பங்களை ஊரைவிட்டு ஓட்ட வரிசையில் நிறுத்துகிறார்கள். உள்ளே யெக்ஸா, குழியடுப்புத் தணல் முகத்தில் சிவக்க, வழிக்கு ரொட்டி தட்டுகிறாள். பழக்கத்தில் அவள் விரல் மாவின் மேல் சிலுவை கீறுகிறது. பக்கத்து முஸ்லிம் வீட்டு நசிஃபே வாசலை அடைத்து நிற்கிறாள். அவள் மகன் யெக்ஸாவிடம் பால் குடித்து வளர்ந்தவன். யெக்ஸாவின் வீட்டுச் சாவி இப்போதே நசிஃபேயின் இடுப்பில் தொங்குகிறது.

"சிலுவைய அழிச்சிடுக்கா. எங்க வீட்டுப் புள்ளைங்க தின்னணும்."

"இது வழிக்கு, நசிஃபே. எம்புள்ளைங்க பசி தாங்காது."

"ஆத்துப் பாலம் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போவாங்களாம், அதத் தாண்டி யாரையும் உசுரோட விட மாட்டாங்களாம், எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அதுக்குள்ள என்ன பசி?"

யெக்ஸாவின் கை மாவிலேயே நின்றுவிடுகிறது. நசிஃபே குனிந்து, கட்டைவிரலால் சிலுவையைத் தேய்த்து அழிக்கிறாள்.

"அடுப்ப மட்டும் அணைச்சிடாதக்கா. எனக்குப் பத்த வைக்க வராது."