ரெண்டு கேன் கடல்

"பால்ல தண்ணி கலப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். தண்ணியில தண்ணி கலக்குறவனை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!"

சண்முகராஜ் போட்ட சத்தத்தில் அவருடைய ஏலக்காய் மண்டியே ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தியது. எதிரே உப்பு லாரி ஒச்சாண்டி தலைகுனிந்து நின்றான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர் ஒருவரிடம் உயிருள்ள பவளம் ஒன்றை வாங்கி வந்தார் சண்முகராஜ். மான்கொம்பு போலக் கிளை கிளையாக இருக்கும். போடியில் வேறு எவர் வீட்டிலும் இல்லாத பொருள். வாங்கிய அன்றோடு நிம்மதி போயிற்று.

கரண்ட் போனால் வீட்டில் பவளம் இருக்கும் தொட்டிக்குள் காற்று நின்றுவிடும். மண்டியை விட்டு ஓடி வந்து சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். வெயில் ஏறினால் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. வாரா வாரம் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைத் தூத்துக்குடியிலிருந்து உப்பு மூட்டைகளோடு ரெண்டு கேனில் ஏற்றி வருவது ஒச்சாண்டிதான். விடியும்போதே வீட்டில் இறக்கிவிட்டுப் பஜாருக்குப் போய்விடுவான்.

பிள்ளை பெற்ற வீட்டில்கூட இவ்வளவு வேலை இருக்காது. இத்தனைக்கும் பிறகு பவளம் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தால் மனுஷனுக்கு அலுக்காதா?

பால் சொசைட்டியில் பால் பார்க்கிற மாதிரி, உப்பு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். இன்று காலையில் கேன் தண்ணீரில் அதை மிதக்கவிட்டார். உப்புச் சரியாக இருந்தால் மிதக்க வேண்டிய குழாய் கழுத்துவரை முங்கிவிட்டது. போன மாதமும் ஒரு தடவை இப்படித்தான்.

"உண்மையைச் சொல்லு. கலந்தியா இல்லையா?"

ஒச்சாண்டி வாயைத் திறந்தான். மூடினான். பிறகு, "கேன் ஒழுகிருச்சு முதலாளி. அருப்புக்கோட்டையில பைப்புல பிடிச்சு ரொப்பிட்டேன்" என்றான்.

"போன மாசமும் ஒழுகுச்சோ?"

"ஆமா முதலாளி."

"வாயில்லாத ஜீவன்யா அது! நெஞ்சுல ஈரம் இருக்கா உனக்கு? இனிமே என் ஏலக்கா மூட்டை உன் லாரியில ஏறாது. போ!"

திரும்பும்போது காலி லாரி ஓட்டினால் ஒச்சாண்டியின் பிழைப்பு நாறிவிடும். சண்முகராஜுக்கும் அது தெரியும். கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தார். அவனோ கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். திருட்டுப் பயலுக்குத் திமிரைப் பாரு என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். அக்கா பஞ்சம்மாள் இலை போட்டாள். புருஷன் செத்த இந்த ஆறு வருஷமாக, மனைவியை இழந்த தம்பிக்கு அவள்தான் ஆக்கிப் போடுகிறாள்.

"ஒச்சாண்டியை நிறுத்திட்டேன்க்கா. கடல் தண்ணியில பைப்புத் தண்ணியைக் கலந்திருக்கான்."

சோற்றுக் கரண்டி பாதியில் நின்றது.

"அவன் கலந்தான்னு யாரு சொன்னா?"

"அவனேதான் ஒத்துக்கிட்டான்."

பஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் இல்ல தம்பி. நான்தான் கலந்தேன்."

"நீயா? நீ எதுக்குக்கா?"

"உன் மச்சான் பேரைச் சொல்லி ராமேஸ்வரம் கடல்ல ஒரு முங்கு முங்குறேன்னு நேந்திருந்தேன்ல? நீயும் ஏலக்கா சீசன் முடியட்டும், ஏலக்கா சீசன் முடியட்டும்ங்குற. உனக்கும் எங்க நேரம் இருக்கு? கடல்தான் வீட்டுக்கே வருதேன்னு, அமாவாசைக்கு அமாவாசை ஒரு வாளி எடுத்துத் தலைக்கு ஊத்திக்கிட்டேன். கேன் குறைஞ்சா நீ கேப்பியேன்னு பைப்புத் தண்ணியை ஊத்தி, ரெண்டு கை கல்லுப்பும் போட்டேன். பத்தலை போல."

சண்முகராஜ் சோற்றில் கை வைக்கவில்லை. பவளத்தைப் பார்க்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை என்று சீசன் நடுவிலேயே ரெண்டு தடவை தூத்துக்குடி போய் வந்தவர் அவர்.

"அப்ப ஒச்சாண்டி ஏன் தான் கலந்ததாச் சொன்னான்?"

"போன அமாவாசைக்கு நான் கேன்ல மோந்ததைப் பாத்துட்டான். உன்கிட்டச் சொல்லிறாதப்பான்னேன். 'ஏன் ஆத்தா, ராமேஸ்வரம் என்ன சீமையிலயா இருக்கு? முதலாளி கூட்டிட்டுப் போக மாட்டாகளா?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

பஞ்சம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள்.

"எனக்கு பஸ்ஸு ஒத்துக்காதுன்னு சொன்னேன். தம்பி கூட்டிட்டுப் போகலைன்னு வெளியாளுகிட்டச் சொல்ல முடியுமா?"