வகுப்பில் இருந்தவர்

"என் புள்ளை வயிறு வலிக்குதுன்னு எத்தனை தடவை சொன்னான், சார்?"

கணக்கு வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே அந்த நீள நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. மேலே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பிழைக்க வந்த அந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டு, சாயங்கால மழைக்கு லீவே கிடையாது.

"கேட்கிறேன்ல? சொல்லுங்க, சார்."

"மூணு தடவை."

"மூணு தடவைக்கும் நீங்க என்ன சொன்னீங்க?"

"உட்காருன்னு சொன்னேன்."

பையனின் அம்மா அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டு டீச்சர். எவ்வளவு வாலுப் பிள்ளையிடமும் குரலை உயர்த்தாதவள் என்று பெயரெடுத்தவள். இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் அவரைப் போட்டு வதைத்தது. நர்ஸ் கழற்றிக் கொடுத்த மகனின் ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"டெஸ்ட் அன்னிக்கு வயித்து வலி வராத புள்ளை எந்த ஊர்ல இருக்கு?" என்றார் அவர். தன் காதுக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் பட்டது. "போன டெஸ்ட்டுக்குப் பல் வலின்னான். மணி அடிச்சதும் கேன்டீன்ல ஐஸ் தின்னுட்டு நின்னான். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

சட்டைக் கையின் சாக்பீஸ் தூளைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பார்த்தீங்களா, சார்?"

பார்த்திருந்தார். வெளிறித்தான் இருந்தது. வேர்த்துக் கொட்டியிருந்தது. இந்தப் புழுக்கத்தில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"டீச்சர் புள்ளைன்னு சலுகை காட்டினா நாளைக்குப் பேச்சு வராதா?" என்றார். "போன பெற்றோர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேட்டாங்களே, வெளிநாட்டு டீச்சர் புள்ளைக்கு ஒரு சட்டம், எங்க புள்ளைங்களுக்கு ஒரு சட்டமான்னு. பிழைக்க வந்த நாமெல்லாம் வாயைத் திறக்க முடிஞ்சுதா? அதான், எல்லாப் புள்ளைங்களையும் ஒரே மாதிரி நடத்தணும்னு..."

"பொய். வேற புள்ளையா இருந்திருந்தா அனுப்பியிருப்பீங்க."

சுருக்கென்று தைத்தது. உண்மைதான். போன வாரம் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி தலை சுற்றுகிறது என்றதும், பாடத்தை நிறுத்திவிட்டு அவரே கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தார். அவளிடம் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று மடமடவென்று ஜெபம் பண்ணுகிற மனிதர். இப்போது 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"ஜெபமெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம்" என்றாள் அவள். "அந்தக் கதவு திறக்கிற வரைக்கும் எனக்குப் பதில் சொல்லுங்க. மணி அடிச்சதும் என்ன ஆச்சு?"

"எல்லாரும் ஓடினாங்க. அவன் மட்டும் எழுந்திருக்கல. 'எழுந்திருடா, நடிச்சது போதும்'னு தோளைத் தட்டினேன். அப்படியே சரிஞ்சிட்டான்."

அவள் ஷூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகையை அடக்க அடக்க உடம்பு குலுங்கியது.

"அவன் அப்பாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், சார்?" என்றாள். "ராத்திரி புள்ளை ஒரு தும்மல் போட்டாப் போதும், எழுந்து போய் ஃபேனை நிறுத்துவார். இவனுக்கு முள்ளு குத்தினா அவருக்குக் கண்ணு கலங்கும். அந்த மனுஷன் மட்டும் இன்னிக்கு அந்த வகுப்புல இருந்திருந்தா, டெஸ்ட்டாவது மண்ணாவதுன்னு அள்ளித் தூக்கிட்டு ஓடியிருப்பார்."

"ஆமா" என்றார் கணக்கு வாத்தியார்.

"அப்போ அவர் எங்க போனார்? என் புள்ளை துடிச்சப்போ அவன் அப்பா எங்கதான் போனார்?"

"தெரியலையே" என்றார்.

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"குடல்வால் உள்ளேயே வெடிச்சிருக்கு. சீழ் வயிறு பூரா பரவிடுச்சு. எங்களால ஆனதைச் செஞ்சிருக்கோம். இந்த ராத்திரியைத் தாண்டணும், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா கதையே வேற." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மயக்கம் தெளியுது. போய்ப் பாருங்க. அதிகம் பேச விடாதீங்க."

அவள் முன்னால் போனாள். அவர் பின்னால் போனார்.

அத்தனை பெரிய கட்டிலில் பையன் ஒரு ஓரமாகக் கிடந்தான். மூக்கில் குழாய், கையில் குழாய். அம்மா கட்டிலருகே மண்டியிட்டு அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் மெல்லக் குனிந்து அவன் நெற்றியில் கை வைத்தார். கொதித்தது. இமைகள் பாதி திறந்தன.

"ராஜா, அப்பா வந்திருக்கேன்டா" என்றார்.

மகன் அவரையே பார்த்தான். காய்ந்துபோன உதடுகள் அசைந்தன.

"நான் நடிக்கலை, சார்."